கெல்லி கோட்டைக்குப் போனால் மாரியம்மன் கோயிலையும் பாருங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் சிலிபின், புந்தோங் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் இடங்களில் பத்துகாஜா கெல்லி கோட்டையும் ஒன்று. ஈப்போவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். ராயா ஆற்றங்கரையில் ஒரு சிறு குன்றின் மேல் நிற்கிறது.

ஸ்காட்லாந்திலிருந்து வந்து, ரப்பர் தோட்டத் துரையாக உயர்ந்த வில்லியம் கெல்லி ஸ்மித், 1915-ல் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், மின்தூக்கிக்கென விட்ட குழி என ஆசைகள் பெரியவை. 1926-ல் அவர் லிஸ்பனில் காலமானார். வேலை பாதியில் நின்றது. மனைவி ஆக்னஸ் சொத்தை விற்றுவிட்டார்.

இதைக் கட்ட மதராஸிலிருந்து 70 கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள். செங்கல்லும் இந்தியாவிலிருந்தே கப்பலேறி வந்தது. முழுதாகப் பூசி முடித்திருந்தால் அவர்களுடைய வேலை சாந்துக்குள் மறைந்திருக்கும். பாதியில் நின்றதால் செங்கல் வரிசைகள் வெளியே தெரிகின்றன. வளைவுகளின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கல்லோடு கல்லை எப்படிச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள் என்பது விளங்கும். பேய்க் கதைகளைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கட்டுமானம் நடந்தபோது தொழிலாளர்களிடையே ஒரு காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். அந்த ஆண்டுகளில் உலகையே உலுக்கிய ஸ்பானிஷ் காய்ச்சலாக அது இருக்கலாம் என்பார்கள். அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் துரையிடம் கேட்டார்கள். அவரும் சம்மதித்தார். கோட்டையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் அந்த மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அதன் கூரையில் தெய்வ உருவங்களோடு, வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த துரையின் சிலையும் நிற்கிறது. தொழிலாளர்கள் நன்றிக்காக வைத்தது என்கிறார்கள்.

பலரும் கோட்டையில் படமெடுத்துக்கொண்டு, கோயிலைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது வருத்தம்தான். துரை, மனைவி ஆக்னஸ், மகள் ஹெலன், மகன் அந்தோணி எல்லாருடைய பெயரும் கோட்டைக் கதையில் வருகின்றன. அந்த 70 பேரில் ஒருவர் பெயர்கூட வருவதில்லை. கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் வளர்ந்த பாட்டி, தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை அவர்களையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். கொத்தனார், தச்சர், ஆசாரி என்று யாருடைய பெயரையாவது கேள்விப்பட்டதுண்டா என்று போகும் வழியில் கேட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள்.