பெரியப்பா குளித்தால் கம்ப்யூட்டர் போகும்

முதல் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போனபோது வீட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டருக்கு ஐந்து வயது. பாண்டி வெயில், தூசி, உப்புக் காற்று. "போகத்தான் சார் செய்யும்" என்று கடைக்காரர் புதியதை மாட்டினார். அது நான்கு மாதம்தான் தாங்கியது. 'பட்'டென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். "இது லோக்கல் மாடல், நல்ல கம்பெனி போடுங்க" என்றார். போட்டோம். நல்ல கம்பெனி ஆறு வாரத்தில் போனது.

அப்போதுதான் செத்தவற்றைத் திறந்து பார்க்கச் சொன்னேன். முதலாவது குப்பைக்குப் போயிருந்தது. மற்ற இரண்டும் கடை மேஜைக்கு வந்தன. (நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கலாம்.)

எஸ்.எம்.பி.எஸ். செய்யும் வேலை சற்று விசித்திரமானது. மதர்போர்டுக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ட். ஆனால் அது 230 வோல்ட்டை நேரே குறைப்பதில்லை. முதலில் நேர்மின்சாரமாக்கி சுமார் 325 வோல்ட்டுக்குக் கொண்டுபோகிறது. 230 என்பது ஒருவகைச் சராசரிதான், அலையின் உச்சி 325-ஐத் தொடும். பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் துண்டாக நறுக்கி, கைக்கடக்கமான டிரான்ஸ்பார்மர் வழியே இறக்குகிறது. பழைய ஸ்டெபிலைசர்போல இரும்புக் கனம் இல்லாததற்கு இந்த நறுக்கல்தான் காரணம். அந்த 325 வோல்ட்டைத் தாங்கும் பெரிய கெப்பாசிட்டரின் எல்லை பெரும்பாலும் 400 அல்லது 450.

வெளியே போகும் பக்கத்துச் சிறிய கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தால் சூட்டில் செத்தது என்று பொருள். 10 டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழைய கணக்கு. எங்களுடையதில் அவை சமர்த்தாக இருந்தன. வெடித்திருந்தது வாசலில் இருக்கும் நீல வில்லை, வேரிஸ்டர். வரும் அழுத்தம் எல்லை மீறினால் தன் வழியே மின்சாரத்தைப் பாயவிட்டு, பியூஸை எரித்து, மற்றதைக் காப்பாற்றப் பார்க்கும் காவல்காரன். இரண்டு கம்பெனியிலும் ஒரே சாவு. வீட்டுக்குள் 230 வராமல் வேறு ஏதோ வந்திருக்கிறது.

எங்கிருந்து என்று சொன்னது அம்மா. "டேய், உங்க பெரியப்பா குளிக்கப் போனா நம்ம ஃபேன் பேயாட்டம் சுத்துதுடா."

முத்தியால்பேட்டையில் எங்களுடையது பாகம் பிரித்த பழைய வீடு. மூன்று பங்கு, மூன்று பேஸ், ஆளுக்கு ஒன்று. நியூட்ரல் மட்டும் பொது. திண்ணைச் சுவரில் இருக்கும் ஒரே போர்டில் மூன்று பங்கின் நியூட்ரலும் ஒரு பித்தளைக் கட்டையில் சேர்கிறது. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு பேஸுக்கு நடுவே 400. நியூட்ரல் இறுக்கமாக இருக்கும்வரை அவரவர் பங்கு அவரவருக்கு. அது விட்டுப்போனால் பெரியப்பா வீட்டு கீசரும் எங்கள் வீட்டு பல்பும் ஒரே சங்கிலியில் கோர்த்தது போல, அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு போடும் முறைதான் அநியாயம். அதிகம் இழுக்கும் கீசருக்குக் கொஞ்சம், கொஞ்சம் இழுக்கும் பல்புக்கு அதிகம். 2000 வாட் கீசரின் தடை சுமார் 26 ஓம், 100 வாட் குண்டு பல்பின் தடை 529 ஓம். பல்புக்கு 380 வோல்ட் போகும். அதன் உச்சி 537. கெப்பாசிட்டரின் எல்லையும் வேரிஸ்டரின் பொறுமையும் எப்போதோ தாண்டியாயிற்று.

இதற்கு மறுபாதி கீழே, பெரியப்பா பங்கில் இருந்தது. வெந்நீர் முன்போல் சூடாகவில்லை என்று பெரியம்மா ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். புது கீசரே வாங்கியிருப்பார்கள்.

மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் எங்கள் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்தார். 234. கீழே கீசர் போட்டதும் 247. நடுவே ஒரு நொடி 290-ஐத் தொட்டுத் திரும்பியது. போர்டைக் கழற்றினால், நியூட்ரல் கட்டையில் அலுமினியக் கம்பி நுழையும் இடம் கறுத்து, வெள்ளை மாவு பூத்திருந்தது.

அந்த மாவுக்குக் கடலிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது பாண்டியில் காற்றோடு வந்து படியும் உப்புப் படலம் பெரும்பாலும் உலர்வதே இல்லை. ஈரம், உப்பு, நடுவே இரண்டு வேறு உலோகங்கள்: பித்தளையும் அலுமினியமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடுகின்றன. அலுமினியம் அரிக்கும், இணைப்பு தளரும், தளர்ந்தது சூடாகும், சூடு மேலும் தளர்த்தும். கம்பியை வெட்டிப் புது முனை எடுத்து, இரு உலோகத்துக்கும் ஏற்ற லக் போட்டு, கட்டையையும் மாற்றினார். ஒரு மணி நேர வேலை.

எல்லார் வீட்டிலும் நியூட்ரல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கரண்ட் போய், இரண்டு நொடியில் வந்து, மறுபடி போய் வருகிறதே, அதுவும் கொல்லும். ஸ்விட்ச் போட்டவுடன் காலிக் கெப்பாசிட்டருக்குள் பாயும் வெள்ளத்தைத் தடுக்க உள்ளே ஒரு தெர்மிஸ்டர் உண்டு. குளிர்ந்திருந்தால்தான் அது தடுக்கும். ஓடிச் சூடானதில் தடை கிட்டத்தட்ட இல்லை, ஆற ஒரு நிமிடமாவது வேண்டும். உடனே திரும்பி வரும் கரண்டுக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. கரண்ட் போனால் பிளக் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். வந்து இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

பாண்டிக்கே உரிய இன்னொன்று, பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் கொண்டுவரும் பவர் கார்டு. அதன் இரண்டு உருண்டை முள்ளும் நம் சாக்கெட்டில் லொடலொடவென்று நுழைந்துவிடும். ஆனால் எர்த் முள் பிளக்கில் இருக்காது. அங்கே சாக்கெட்டில்தான் முள் நீட்டிக்கொண்டிருக்கும், பிளக்கில் அதற்கான துளை மட்டும். கம்ப்யூட்டர் ஓடும், எர்த் இல்லாமல். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் இரைச்சலை வடிக்கும் இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு கோர்த்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பு பாதி அழுத்தத்தில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதே, அதுதான்.

எங்கள் கேபினட்டிலும் அந்தச் சுருக் இருக்கிறது, கார்டு உள்ளூர்க் கார்டாக இருந்தும். எலக்ட்ரீஷியன் கொல்லையில் எர்த் பைப்பை அசைத்தார், பாதி கையோடு வந்தது. தடை குறைய வேண்டும் என்று பள்ளத்தில் கரியோடு கொட்டிய உப்பே இரும்பைத் தின்றிருக்கிறது. புதுப் பள்ளத்துக்கு அவர் காட்டிய இடத்தில் பெரியம்மாவின் முருங்கை நிற்கிறது. மூன்று பங்கும் பேசி முடிவெடுக்க வேண்டும். அதுவரை செருப்புப் போட்டுக்கொண்டுதான் கம்ப்யூட்டர்.