உங்களுக்குத் தெரியுமா? பிள்ளையின் ஜீவனாம்சம்

● பெற்றோர் பிரிந்தாலும் பிள்ளையைக் காப்பாற்றும் கடமை தீராது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்த ஜீவனாம்சம் கேட்கும் உரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் இருக்கிறது.

● தாய் தகப்பனுக்குத் திருமணம் நடக்காவிட்டாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு.

● வழக்கு முடியும்வரை பிள்ளை பசித்திருக்க வேண்டியதில்லை. இடைக்காலத் தொகை கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள், கூடுமானவரை, அந்த மனு முடிவாக வேண்டும்.

● மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும்; இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

● தக்க காரணமின்றித் தராமல் இழுத்தடித்தால், பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கலாம். ஆனால் தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்!

● வக்கீலுக்குப் பணம் இல்லையா? 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தை அணுகுங்கள். அல்லது 15100-க்கு அழையுங்கள்.