மொறப்பாக்கம் கோபாலனும் தாம்பரத்துச் சிறுவர்களும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம், சேலையூர், பம்மல், அனகாபுத்தூர் முதலிய இடங்களில் நடந்து செல்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார்கள். வீடு எழும்பாத மனை எங்கேனும் மிஞ்சியிருந்தால், அங்கே மூன்று குச்சிகளை நட்டுக்கொண்டு சிறுவர்கள் டென்னிஸ் பந்தால் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவன் மற்ற எல்லோரையும்விட வேகமாகப் பந்து வீசுவான். அவன் ஓடி வரும்போதே மட்டை பிடித்தவன் அரையடி பின்வாங்குவான். வழியே போகும் பெரியவரும் நின்று பார்த்து, "பையனுக்குக் கை நன்றாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். அதற்குப் பிறகு அந்தக் கைக்கு நேர்வது என்ன என்பதைப் பற்றியே இங்கே சிறிது ஆராய விரும்புகிறோம்.

இதே ரயில் பாதையில் தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே சென்றால் செங்கற்பட்டுச் சீமை. சென்னையிலிருந்து ஏறக்குறைய 50 மைல் தூரத்திலுள்ள மொறப்பாக்கம் என்னும் கிராமத்தில் 1909-ஆம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி பிறந்தவர் எம். ஜே. கோபாலன். சிறு வயதிலேயே அவருடைய குடும்பம் திருவல்லிக்கேணியில் குடியேறியது. வேகமாகப் பந்து வீசும் கை அவருக்கு இயற்கையில் அமைந்திருந்தது. அக்காலத்துச் சென்னையிலே கிராமத்திலிருந்து வந்த ஒரு பையன் கிரிக்கெட்டில் முன்னேறுவது எவ்வளவு அரிய காரியம் என்பதை அறியாதவர்களுக்கு அவருடைய ஆரம்ப வாழ்க்கையின் அருமை விளங்காது.

1846-ல் ஏற்பட்ட சென்னை கிரிக்கெட் கிளப்பு ஆங்கிலேயருக்குரியதாகவே இருந்தது. சேப்பாக்கம் மைதானமும் அவர்கள் வசமே இருந்தது. இந்தப் பேதத்தைச் சகியாத புச்சி பாபு நாயுடு, 1888-ல் சென்னை யுனைடெட் கிளப்பை ஸ்தாபித்து நம் யுவர்களுக்கு மட்டையும் பந்தும் கொடுத்துப் பழக்கினார். இந்தியரும் ஐரோப்பியரும் சரிசமமாக எதிர்நின்று ஆடவேண்டும் என்று அவர் செய்த முயற்சி கைகூடும் தறுவாயில், 1908 டிசம்பரில் அவர் காலமானார். எனினும் அவர் போட்ட வித்து வீண்போகவில்லை. பிற்காலத்தில் பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் நடந்த இந்தியர்-ஐரோப்பியர் பந்தயம் சென்னை நகரத்துக்கே ஒரு திருவிழாவாயிற்று. அந்தப் பந்தயத்தில் 1926-27-ல், இருபது வயதும் நிரம்பாத கோபாலன் முதன்முதலாக அடியெடுத்து வைத்தார்.

அவரை அடையாளம் கண்டவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அவருக்கு உத்தியோகம் தேடிக்கொடுத்தவரும், திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் ஆடுவதற்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. மாதச் சம்பளம் நிச்சயமான பிறகே கோபாலனுடைய கை தன் முழு வல்லமையையும் காட்டியது. விஜயநகரம் மகாராஜகுமார் திரட்டி வந்த கோஷ்டியில், உலகப் பிரசித்தி பெற்ற மட்டைக்காரரான ஜாக் ஹாப்ஸ் சென்னைக்கு வந்து ஆடியபோது, அவரை வீழ்த்தினார் கோபாலன். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டு பந்தயத்தில் இந்தியாவின் சார்பில் ஆடினார். அதே வருஷம் நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் தொடங்கியபோது, முதல் பந்தை வீசியவர் அவரே. அன்று ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். பந்தயம் ஒரே நாளில் முடிந்து சென்னை வென்றது.

கோபாலனுக்கு ஹாக்கியும் கைவந்த கலை. 1935-ல் தியான் சந்துடன் இந்திய ஹாக்கி கோஷ்டியில் நியூஜீலந்து சென்று வந்தார். மறு வருஷம் அவர் முன் இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லும் ஹாக்கி வழி. மற்றொன்று இங்கிலாந்துக்குச் செல்லும் கிரிக்கெட் வழி. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலேனும் அவரை இறக்கவில்லை. அந்த ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி பெர்லினில் நம் ஹாக்கி வீரர்கள் ஜெர்மனியை 8-க்கு 1 என்று முறியடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார்கள். 1934-ல் ஆடியதுதான் கோபாலனுக்கு முதல் டெஸ்டு. அதுவே கடைசி டெஸ்டும் ஆயிற்று. இருந்தும் அவர் தளரவில்லை. 25 வருஷம் முதல்தரக் கிரிக்கெட் ஆடி 194 விக்கெட்டுகளை எடுத்தார். சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த பந்தயத்துக்கு அவர் பெயரால் கோப்பை ஏற்பட்டது. 2003 டிசம்பர் 21-ந் தேதி அவர் மறைந்தார்.

இந்தச் சரித்திரத்தில் நம் சிந்தனைக்குரியது ஒன்று உண்டு. கை கோபாலனுடையது, உழைப்பும் அவருடையதே. ஆனால் அந்தக் கைக்குச் சோறு போட்ட உத்தியோகம், தற்செயலாய் ஓர் அந்நியருடைய கண்ணில் அவர் பட்டதால் கிடைத்தது. ஜான்ஸ்டனுடைய பெருந்தன்மையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். எனினும் ஒரு தேசத்தின் திறமை தற்செயலை நம்பி வாழலாமா?

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவனே நடுநாயகன். 60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து அவன் எறியும் பந்தைச் சுற்றியே ஆட்டம் முழுவதும் நடக்கிறது. அங்கே பெரிய கோஷ்டி ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாகச் சிறிய கோஷ்டிகள் உண்டு. இளம் வீரன் அடிப்படியில் சம்பளத்துக்கு அமர்ந்து, கற்றுக்கொண்டே மேலேறுகிறான். காசிப் பக்கத்துக் கிராமத்து யுவர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் என்னும் ஈட்டி எறியும் வீரர் இருவர், அமெரிக்கர் ஒருவர் இந்தியாவில் நடத்திய பந்தெறியும் போட்டியின் மூலம் 2008-ல் கண்டெடுக்கப்பட்டனர். அதற்கு முன் அவர்கள் பேஸ்பால் ஆடியதே இல்லை. அவ்வருஷ நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கோஷ்டி அவர்களை ஒப்பந்தம் செய்தது; 2009-ல் அடிப்படியில் ஆடினார்கள். இருவரும் உச்சிப்படியை எட்டவில்லை. ஆயினும் நின்று ஏறுவதற்கு அவர்களுக்கு ஒரு படி இருந்தது. அந்தப் படி கடல் கடந்து இருந்தது என்பதுதான் நமக்கு வருத்தம்.

நம் நாட்டிலும் நிலைமை சிறிது மாறியிருக்கிறது. சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியில் கூலித் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்த நடராஜன், வெகு காலம் டென்னிஸ் பந்திலேயே ஆடியவர். அவ்வூர் அன்பர் ஒருவர் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். 2015-ல் ரஞ்சிப் பந்தயத்தில் நுழைந்தவுடனேயே, அவர் பந்து வீசும் முறை விதிக்குட்பட்டதா என்று சந்தேகம் கிளம்பியது. நல்ல ஆசான் வாய்த்ததால் முறையைத் திருத்திக்கொண்டு மீண்டார். 2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரிமியர் லீக் அவருக்கு மேடையாயிற்று. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்டு ஆடினார். பிறகு தம் ஊரிலேயே பயிற்சிக்கு இடம் ஏற்படுத்தினார். கோபாலனுக்கு அந்நியர் கொடுத்த கையை நடராஜனுக்கு ஊரார் கொடுத்தனர் என்பது நமக்குப் பெருமை.

"திறமையிருந்தால் எப்படியும் மேலே வந்துவிடும், கோபாலன் வரவில்லையா, நடராஜன் வரவில்லையா?" என்று வாதிப்பவர் உண்டு. வந்து கூண்டில் ஏறிய சாட்சிகளை மட்டும் விசாரித்து வழக்கை முடிப்பது போன்றது அவ்வாதம். வழிச் செலவுக்குக் காசில்லாமலோ, பதினெட்டு வயதில் குடும்பச் சுமையைத் தலையில் ஏற்றுக்கொண்டோ வராமலே போன சாட்சிகள் எத்தனை பேர்? தவறான முறையில் எறிந்து எறிந்து இருபது வயதிலேயே தோளைக் கெடுத்துக்கொண்டவர் எத்தனை பேர்? அவர்களைக் கேளாமல் எவ்வாறு தீர்ப்புச் சொல்வது?

பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவற்றைச் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. காலி மனைகள் நாளுக்கு நாள் வீடுகளாகி வருகின்றன. சிறுவர்கள் விளையாடுவதற்கென்று பகுதிதோறும் ஒரு மைதானத்தையாவது மாநகராட்சி ஒதுக்கிவைக்க வேண்டும். தோளைக் காத்துப் பந்து வீசக் கற்றுக்கொடுக்கும் ஓர் ஆசானைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். தொழிற்சாலைகளும் வியாபார ஸ்தாபனங்களும் வருஷத்துக்கு ஓர் ஏழை ஆட்டக்காரனுக்கேனும் வேலை கொடுக்க முன்வர வேண்டும். இவற்றில் எதுவும் கஜானாவைக் காலி செய்யும் செலவல்ல.

அடுத்த ஞாயிறு அந்த மனைப்பக்கம் போகும் வாசகர், கை நன்றாயிருக்கும் பையனைப் புகழ்ந்துவிட்டுப் போகாமல், அவன் பெயரையும் வீட்டையும் விசாரித்து, தம் ஊர்க் கிளப்புக்கு அவனை அழைத்துச் செல்வாரானால், இதை எழுதிய பயன் நமக்குக் கிட்டியதாகும்.