கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு நீதிமன்றம்

விஞ்ஞானக் கதைத் தொடர்கள் எச்சரித்த ஆபத்து மட்டாஞ்சேரி வரை வந்துவிட்டது. அதற்கு ரோபோ தேவைப்படவில்லை. ஒரு போன் கால் போதுமானதாக இருந்தது.

நீதிபதி இருந்தார். சாட்சி இருந்தார். குற்றச்சாட்டும் இருந்தது. இல்லாதது நீதிமன்றம் மட்டும்தான். 2025-ல் கொச்சியின் மட்டாஞ்சேரியில், ஒரு இல்லத்தரசியின் செல்போன் திரையில் நடந்து முடிந்தது இந்த 'விசாரணை'. பண மோசடி வழக்கில் சிக்கியிருப்பதாக மிரட்டப்பட்ட அவர், நிரபராதி என்று நிரூபிப்பதற்காக அனுப்பிய தொகை 2.88 கோடி ரூபாய். அத்தனையும் நாடகம் என்று தெரிந்தபோது பணம் கைமாறிப் போயிருந்தது.

டிவி தொடருக்காக யாராவது இப்படி எழுதியிருந்தால், 'ரொம்ப மிகை' என்று தயாரிப்பாளரே திருப்பிக் கொடுத்திருப்பார். ஆனால், ஏறக்குறைய இதே பயத்தை மையமாக வைத்து உலகம் முழுவதும் ரசிகர்களைப் பிடித்து வைத்திருக்கிறது ஒரு தொடர். பெயர் 'பிளாக் மிரர்'. சார்லி புரூக்கர் உருவாக்கிய இது, 2011 டிசம்பரில் பிரிட்டனின் சானல் 4-ல் தொடங்கியது. 2016-ல் நெட்ஃபிளிக்ஸுக்கு மாறியது. 2025 ஏப்ரலில் ஏழாவது வரிசை வந்தது. ஒவ்வொரு வாரமும் தொடரும் கதை அல்ல. ஒவ்வொன்றும் தனிக் கதை, தனி நடிகர்கள். தலைப்பின் பொருள் எளிமையானது. டிவியையோ செல்போனையோ அணைத்துவிட்டுப் பாருங்கள். கறுப்புத் திரையில் தெரிவது உங்கள் முகம்.

ஒரு கதையில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் மார்க் போட்டுக்கொள்கிறார்கள். மார்க் குறைந்தால் நல்ல வீடு கிடைக்காது. இன்னொன்றில் இறந்துபோன காதலன், அவன் விட்டுச் சென்ற செய்திகளிலிருந்து திரும்ப உருவாக்கப்படுகிறான். 2025-ல் வந்த ஒரு கதையில் மனைவியின் மூளை இயங்குவதற்கு மாதச் சந்தா கட்டுகிறான் ஒரு தொழிலாளி. சந்தாத் தொகை ஏறிக்கொண்டே போகிறது.

மட்டாஞ்சேரிக்கு மிக நெருக்கமானது 2016-ல் வந்த 'ஷட் அப் அண்ட் டான்ஸ்'. லேப்டாப் காமிரா வழியாக ஒரு இளைஞனை ரகசியமாகப் படம் பிடித்துவிடும் முகம் தெரியாத ஆசாமிகள், போனில் உத்தரவு மேல் உத்தரவாக அனுப்புகிறார்கள். அவன் பயந்து ஒவ்வொன்றுக்கும் கீழ்ப்படிகிறான். கவனிக்க வேண்டிய விஷயம்: இந்தக் கதையில் எதிர்கால இயந்திரம் எதுவுமே இல்லை. எல்லாம் ஏற்கெனவே வீட்டில் இருப்பவைதான்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' பத்திரிகைத் தொடராக வந்து, தூர்தர்ஷனிலும் தொடரானது. ஜீனோ என்ற இயந்திர நாயை நினைவில் வைத்திருப்பவர்கள், வில்லன் ஜீவாவை மறந்திருக்கலாம். 2020-களின் இந்தியாவை ஆட்டிப் படைக்கும் அந்தச் சர்வாதிகாரி உண்மையில் மனிதனே அல்ல, ஒளியால் ஆன வெறும் பிம்பம். திரையில் அதிகாரமாக ஒரு முகம் தோன்றினால் ஜனங்கள் கீழ்ப்படிவார்கள் என்பதுதான் சுஜாதாவின் ஊகம். அவர் குறித்த அதே காலகட்டத்தில் அது பலித்துவிட்டது.

முகம் பார்த்து நம்பும் பழக்கம் மட்டாஞ்சேரிக்குப் பழையது. யூதத் தெருவின் மிளகுச் சந்தையில், கம்ப்யூட்டர் வருவதற்கு முன், வியாபாரிகள் ஒரே கூடத்தில் நின்று கூவித்தான் விலை பேசினார்கள். வாய்ச்சொல் செல்லுபடியாகக் காரணம், சொன்னவரை மறுநாளும் அதே தெருவில் பார்க்க முடியும். செல்போன் திரையில் தோன்றும் முகத்துக்கு அந்த மறுநாள் கிடையாது.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பெயர் பெற்றுவிட்ட இந்த மோசடி நடக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். உங்கள் ஆதார் எண்ணில் தவறான வங்கிக் கணக்கு என்றோ, பார்சலில் போதைப் பொருள் என்றோ முதல் அழைப்பு வரும். பிறகு வீடியோவில் யூனிஃபார்ம் அணிந்த 'அதிகாரி'. காமிராவை அணைக்கக் கூடாது, வீட்டாரிடம் கூடச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. கடைசியில், 'சரிபார்ப்பதற்காக' பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள். இதில் முக்கியமான ஆயுதம் வீடியோ அல்ல, 'யாரிடமும் சொல்லாதே' என்பதுதான்.

விவரம் தெரியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைத்தால் தவறு. பஞ்சாபின் ஜவுளித் தொழிலதிபர் எஸ்.பி. ஓஸ்வால் 2024-ல் இழந்தது 7 கோடி ரூபாய். அவருக்குக் காட்டப்பட்டது போலி உச்ச நீதிமன்றம். அப்போதைய தலைமை நீதிபதியாகவே ஒருவர் ஆள்மாறாட்டம் செய்தார். அதே ஆண்டு கொச்சியில் முதுபெரும் இசையமைப்பாளர் ஜெர்ரி அமல்தேவும் இந்த வலையில் சிக்கினார். பணம் அனுப்ப வங்கிக்குப் போன இடத்தில் மேலாளருக்குச் சந்தேகம் வந்தது, பணம் தப்பியது. மட்டாஞ்சேரிப் பெண்மணிக்கும் இவருக்கும் இருந்த வித்தியாசம் படிப்போ அனுபவமோ அல்ல. நடுவில் இன்னொரு மனிதர் வந்தார், அவ்வளவுதான்.

தொழில்நுட்பமும் சும்மா இருக்கவில்லை. 2023-ல் கோழிக்கோட்டில் ஓய்வு பெற்ற ஒருவர், வீடியோ அழைப்பில் பழைய சக ஊழியரின் முகத்தைப் பார்த்து 40,000 ரூபாய் அனுப்பினார். அந்த முகம் செயற்கை நுண்ணறிவு தயாரித்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அரெஸ்ட் விவகாரத்தைத் தானாகவே முன்வந்து கையில் எடுத்தது. நாடு முழுவதும் பறிபோன தொகை சுமார் 3,000 கோடி ரூபாய் என்று அடுத்த மாதம் அதன் முன் தெரியவந்தது. டிசம்பரில் விசாரணையை சிபிஐயிடம் ஒப்படைத்தது நீதிமன்றம்.

இந்தியச் சட்டத்தில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீஸும் வீடியோவில் கைது செய்வதில்லை, பணத்தைச் சரிபார்க்க அனுப்பச் சொல்வதும் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் முடக்க வாய்ப்பு உண்டு.

'பிளாக் மிரர்' பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் தப்பிக்க வழி இருப்பதில்லை. நமக்கு இருக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தி அழைப்பைத் துண்டித்துவிட்டு, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட்டால் போதும். அந்த நீதிமன்றம் அப்போதே கலைந்துவிடும்.