கணினியும் தொலைக்காட்சியும் கம்பியின்றி இணைவதற்கு இணையம் தேவைதானா?

நுவரெலியா நகருக்கு மேலே 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கும் பிதுருதாலகால மலையுச்சியில்தான் இலங்கை ரூபவாஹினியின் பிரதான ஒளிபரப்பு நிலையம் அமைக்கப்பட்டது. 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் திகதி ரூபவாஹினி ஆரம்பிக்கப்பட்டபோது, அம்மலையைச் சூழவிருந்த தோட்டங்களின் லயன்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் கிடையாது. கார் பெட்டரியில் இயங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டியொன்றைச் சுற்றி லயனே கூடியிருந்த காலத்தை மூத்தவர்கள் இன்றும் நினைவுகூருவர். நாட்டுக்கே படம் காட்டிய மலையின் நிழலில் வாழ்ந்தவர்களுக்குப் படம் கிடைக்கப் பல ஆண்டுகள் சென்றன.

இன்று நிலைமை வேறு. தவணைக் கட்டணத்தில் வாங்கியதோ, மத்திய கிழக்கில் பணிபுரிந்து திரும்பிய உறவினர் கொண்டுவந்ததோ, ஸ்மார்ட் தொலைக்காட்சிகள் தோட்ட வீடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. பிள்ளைகள் உயர்தரம் கற்கும் வீடுகள் சிலவற்றில் பழைய மடிக்கணினி ஒன்றையும் காண முடிகின்றது. ஆயினும் இவ்விரண்டையும் கம்பியின்றி இணைக்கலாம் என்பதும், அதற்கு இணைய இணைப்புக் கட்டாயமில்லை என்பதும் பலருக்குத் தெரியாத விடயமாகவே உள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹட்டனுக்கு அண்மித்த தோட்டமொன்றில் நாம் சென்றிருந்த வீடொன்றில், சுவரில் 43 அங்குலத் தொலைக்காட்சி தொங்கிக் கொண்டிருந்தது. அதன் கீழே அவ்வீட்டின் மகள், உயர்தர உயிரியல் பாடத்தைக் கையடக்கத் தொலைபேசியின் சிறு திரையில் கண்களைச் சுருக்கிப் பார்த்துக் கொண்டிருந்தார். மூலையில் ஒரு மடிக்கணினியும் இருந்தது. பெரிய திரையில் பார்க்கலாமே என்று கேட்டபோது தந்தை கூறிய பதில் இதுதான்: "அதுல போட்டா டேட்டா மூணு நாள்ல முடிஞ்சிருதுங்க சேர். நெட் இல்லாம டீவிய எப்படிங்க கனெக்ட் பண்றது?" தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவை எட்டியதே 2024 ஆம் ஆண்டில்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அவரது அச்சம் நியாயமானதே. ஆனால் அவரது கேள்விக்கு விடை உண்டு.

கம்பியில்லா இணைப்பு என்று பொதுவாகக் கூறப்படுவது ஒரே முறையன்று. பெயரளவில் ஒன்றுபோலத் தோன்றும் மூன்று முறைகள் உள்ளன. அவற்றுக்கிடையிலான வேறுபாட்டை அறியாமையே டேட்டா வீணாவதற்கும், தேவையற்ற கருவிகளைக் கொள்வனவு செய்வதற்கும் காரணமாகின்றது.

முதலாவது, கணினித் திரையில் தெரிவதை அப்படியே தொலைக்காட்சித் திரையிலும் தோன்றச் செய்வதாகும். இதற்கான மிராகாஸ்ட் என்னும் தொழில்நுட்ப நியமத்தை வைஃபை கூட்டமைப்பு 2012 இல் அறிமுகப்படுத்தியது. 2013 இல் வெளிவந்த விண்டோஸ் 8.1 தொடக்கம் விண்டோஸ் கணினிகள் இதனை ஆதரிக்கின்றன. இம்முறையில் கணினியும் தொலைக்காட்சியும் இடையில் ரூட்டர் எதுவுமின்றித் தமக்குள் நேரடியாக ஒரு வைஃபை இணைப்பை ஏற்படுத்திக் கொள்கின்றன. எனவே இணையமும் தேவையில்லை, டேட்டாவும் செலவாகாது. நாம் மேலே குறிப்பிட்ட தந்தையின் கேள்விக்கு இதுவே விடையாகும்.

செய்முறை எளிதானது. தொலைக்காட்சியின் தொலையியக்கியில் சோர்ஸ் அல்லது இன்புட் பொத்தானை அழுத்தி, ஸ்கிரீன் மிரரிங், ஸ்கிரீன் ஷேர், மிராகாஸ்ட் ஆகியவற்றில் எப்பெயர் காணப்படுகின்றதோ அதனைத் திறக்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறினும் காரியம் ஒன்றே. பின்னர் மடிக்கணினியில் வைஃபையை இயக்கிவிட்டு, விண்டோஸ் விசையையும் 'கே' விசையையும் ஒருசேர அழுத்தினால் அருகிலுள்ள தொலைக்காட்சிகளின் பெயர்கள் தோன்றும். உரியதைத் தெரிவு செய்யும்போது தொலைக்காட்சித் திரையில் ஓர் இலக்கம் தோன்றினால் அதனைக் கணினியில் இட வேண்டும். சில வினாடிகளில் படம் வந்துவிடும். ஒலி மட்டும் கணினியிலேயே நின்றுவிட்டால், திரையின் கீழ் மூலையிலுள்ள ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டுத் தொலைக்காட்சியின் பெயரைத் தெரிவு செய்தால் போதும். விண்டோஸ் விசையுடன் 'பி' விசையை அழுத்தி, இரு திரைகளிலும் ஒரே காட்சி வேண்டுமா, தொலைக்காட்சியைத் தனித்ததொரு திரையாகப் பயன்படுத்த வேண்டுமா என்பதையும் தீர்மானிக்கலாம்.

'கே' விசையை அழுத்தும்போது இக்கணினி மிராகாஸ்டை ஆதரிக்கவில்லை என்ற அறிவித்தல் தோன்றினால், அக்கணினியின் வைஃபை பாகமோ காட்சிப் பாகமோ அதற்கு ஏற்றதல்ல என்று பொருள். வைஃபை இல்லாத பழைய மேசைக் கணினிகளிலும் இது இயங்காது. அப்பிள் கணினிகளில் மிராகாஸ்ட் கிடையாது. அவை ஏர்ப்ளே என்னும் தமது சொந்த முறையையே பயன்படுத்துகின்றன. அதனை ஏற்கும் பிற நிறுவனத் தொலைக்காட்சிகள் 2019 முதல் வெளிவரத் தொடங்கின.

இரண்டாவது முறை, கூகுள் நிறுவனம் 2013 இல் குரோம்காஸ்ட் என்னும் சிறு கருவி மூலம் பரவலாக்கிய காஸ்ட் முறையாகும். டேட்டா விடயத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். யூடியூப் காணொளியொன்றில் காணப்படும் காஸ்ட் குறியைத் தொடும்போது, கணினி அக்காணொளியைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவதில்லை. எந்தக் காணொளி என்பதை மட்டும் தெரிவித்துவிட்டு ஒதுங்கிவிடுகின்றது. தொலைக்காட்சியே இணையத்திலிருந்து அதனை நேரடியாகப் பெற்றுக் கொள்கின்றது. இணைப்பின் வேகம் இடங்கொடுத்தால் தனது பெரிய திரைக்கேற்ற உயர் தெளிவைத் தானாகவே தெரிவு செய்தும் விடுகின்றது. கைத்தொலைபேசியில் 480 என்ற தெளிவில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை ஜிகாபைட் செலவாகும் அதே பாடம், தொலைக்காட்சியில் 1080 என்ற தெளிவில் ஒன்றரை முதல் மூன்று ஜிகாபைட் வரை விழுங்கிவிடக் கூடும். மூன்று நாட்களில் டேட்டா முடிந்த மர்மம் இதுதான். தொலைக்காட்சியிலுள்ள யூடியூப் செயலியின் அமைப்புப் பகுதியில் தெளிவை 480 ஆகக் குறைத்துக் கொண்டால் செலவு பெருமளவு குறையும். கரும்பலகையில் எழுதப்படும் பாடத்தை வாசிக்க அத்தெளிவு தாராளமாகப் போதும்.

அண்ட்ரொயிட் டீவி, கூகுள் டீவி என்ற உரிமம் பெற்ற தொலைக்காட்சிகளில் இவ்வசதி உள்ளமைந்தே வருகின்றது. மலிவு விலைப் பெட்டிகள் சிலவற்றின் அட்டையில் அண்ட்ரொயிட் என்று எழுதப்பட்டிருந்தாலும் கூகுளின் உரிமம் இருப்பதில்லை. அவற்றில் காஸ்ட் குறி இயங்காது. கொள்வனவு செய்வதற்கு முன்னர் கடையிலேயே ஒரு கைத்தொலைபேசியை இணைத்துக் காட்டும்படி கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மூன்றாவது முறை பழையது. 2003 இல் ஆரம்பிக்கப்பட்ட டி.எல்.என்.ஏ. என்னும் கூட்டமைப்பின் நியமத்தின்படி, கணினியில் சேமித்து வைத்த காணொளிக் கோப்பைத் தொலைக்காட்சி வலையமைப்பினூடாக எடுத்து ஒளிபரப்புகின்றது. விண்டோஸில் கோப்பின் மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து, 'காஸ்ட் டு டிவைஸ்' என்பதைத் தெரிவு செய்தால் போதுமானது. இதற்கு இரண்டும் ஒரே ரூட்டருடன் இணைந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ரூட்டரில் டேட்டா மீதமிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்து சும்மா மின்னிக் கொண்டிருக்கும் ரூட்டரும் இவ்வேலையைச் செய்யும். (காணொளி மாத்திரம் பார்ப்பதாயின் பென் டிரைவில் பதிந்து தொலைக்காட்சியின் பின்புறத்தில் செருகிவிடுவது இதனினும் எளிது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.) எனினும் பாடநூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் தொலைக்காட்சிகள் பொதுவாகத் திறப்பதில்லை. அவற்றுக்கு முதலாவது முறையே பொருத்தமானது.

மலையகத்தின் வீடமைப்பும் இங்கு கவனத்திற் கொள்ளப்பட வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையிலான தூரம் ஒரு பிரச்சினையே அல்ல. பிரச்சினை தகரக் கூரையாகும். உலோகம் வானலைகளைத் தடுப்பதால், வாசலில் கிடைக்கும் சமிக்ஞை உள்ளே கிடைப்பதில்லை. ஆகவே ரூட்டரைத் தொலைக்காட்சிக்கு அருகில் வைக்காமல், கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய ஜன்னலில் வைப்பதே சிறந்தது.

லயன்களில் ஒரு சுவருக்கு இரு குடும்பங்கள் என்பதால் மற்றொரு விடயமும் எழுகின்றது. கணினியில் தோன்றும் பட்டியலில் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியும் இருக்கும். பெட்டிகள் ஒரே வகையாயின் பெயரும் ஒன்றாகவே இருக்கும். தவறுதலாக அங்கே தொட்டுவிட்டால், நமது புகைப்படங்களும் கடிதங்களும் அடுத்த வீட்டுச் சுவரில் தோன்றும். தொலைக்காட்சியின் அமைப்புப் பகுதியில் அதற்கொரு தனிப்பெயரை இட்டு, இணையும்போது இலக்கம் கேட்கும் வசதியையும் இயக்கி வைத்துவிட்டால் இந்தச் சங்கடம் நேராது.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் கீழே கடையும் மேலே வீடுமாக வாழும் முஸ்லிம் மற்றும் தமிழ் வர்த்தகக் குடும்பங்களின் பிரச்சினை சற்று வேறானது. ரூட்டர் கீழே கடையில் இருக்கும். தொலைக்காட்சி கொங்கிரீட் தளத்துக்கு மேலே இருக்கும். ரமழான் இரவுகளில் மக்காவின் தராவீஹ் தொழுகையை நேரடியாகக் குடும்பத்துடன் பார்க்க விரும்பும்போது படம் விட்டுவிட்டு வருவதாகப் பலர் குறைபடுகின்றனர். ரூட்டர் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கினால் வேகம் கூடும், சுவரையும் தளத்தையும் ஊடுருவும் ஆற்றல் குறையும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினால் வேகம் சற்றுக் குறைந்தாலும் படம் சீராக வரும். வாடிக்கையாளருக்கென விருந்தினர் வைஃபை வழங்கும் கடைகளில், கணினி அந்த வைஃபையில் இணைந்திருந்தால் தொலைக்காட்சி அதற்குத் தென்படாது. விருந்தினர் வலையமைப்பிலுள்ள கருவிகள் வீட்டுக் கருவிகளைக் காணாதவாறு ரூட்டர் வேண்டுமென்றே தடுக்கின்றது. பழுதென்று எண்ணித் திருத்துநரிடம் தூக்கிச் செல்வதற்கு முன்னர் இதனைச் சரிபார்த்துக் கொள்வது நல்லது.

2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, கற்பித்தல் இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் மாறியபோது, சமிக்ஞை தேடி மேட்டு நிலங்களுக்குச் சென்ற மாணவர்களைத் தோட்டங்கள் கண்டன. 2022 இல் மணிக்கணக்கில் நீண்ட மின்வெட்டுகள் வந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் மலையகத்தைத் தாக்கியபோது வீதிகளோடு தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்துபோனது. இணையம் எப்போதும் இருக்கும் என்று எண்ணித் திட்டமிடுவது கொழும்புக்குப் பொருந்தலாம். மலையகத்துக்குப் பொருந்தாது என்பதே எமது கருத்தாகும்.

இக்காரணத்தினாலேயே மிராகாஸ்ட் முறையை நாம் வலியுறுத்துகின்றோம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் தமிழ் மொழியிலும் அதன் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தின் பாடங்களும் அவ்வாறே. நகரத்துக்குச் செல்லும் ஒரு நாளில், நல்ல சமிக்ஞை உள்ள இடத்திலோ கொமியுனிகேஷன் கடையிலோ இவற்றை மடிக்கணினியில் இறக்கிக் கொண்டால், தோட்டத்துக்குத் திரும்பிய பின்னர் ஒரு மாதத்துக்கு இணையமின்றியே பெரிய திரையில் கற்கலாம். விஞ்ஞான, கணித பாடங்களுக்குத் தமிழ் மொழிமூல ஆசிரியர் பற்றாக்குறை நீடிக்கும் பாடசாலைகளின் மாணவர்கள் ஐந்தாறு பேர் ஒரு வீட்டில் கூடி, ஒரு வினாத்தாளைத் திரையில் இட்டு ஒன்றாகச் செய்து பார்ப்பதற்கு ஒரு மடிக்கணினியே போதும். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. ஆயினும் இணையத்துடன் அரிதாகவே இணைக்கப்படும் அவ்வாறான பழைய கணினியொன்றை இத்தேவைக்கெனத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

கணினி மிராகாஸ்டை ஆதரிக்காவிட்டாலும், தொலைக்காட்சி ஸ்மார்ட் வகையைச் சேராததாயினும் மனம் தளர வேண்டியதில்லை. இரண்டிலும் எச்.டி.எம்.ஐ. துளை இருக்குமாயின், ஒரு கம்பி அதே வேலையைத் தடங்கலின்றிச் செய்யும். கம்பியில்லா முறையில் காட்சி ஒரு கணம் பிந்தி வருவதுண்டு. கம்பியில் அந்தத் தாமதமும் இராது. நாம் சென்றிருந்த அந்த வீட்டில் மடிக்கணினி மிராகாஸ்டை ஏற்றுக் கொண்டது. இணையத்தைத் துண்டித்துவிட்டே இணைத்துக் காட்டினோம். மகள் முதலில் திறந்தது முந்திய ஆண்டின் உயிரியல் வினாத்தாளைத்தான். இதயத்தின் குறுக்குவெட்டுப் படம் சுவரின் பாதியை நிரப்பி நின்றபோது, வாசலில் நின்ற அடுத்த வீட்டுப் பையனும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அமர்ந்தான்.