காற்றுத் துப்பாக்கியும் வெடிமருந்துத் துப்பாக்கியும்: வேட்டையிலும் பயிர்ப் பாதுகாப்பிலும் எதை, எப்போது?

பயிரை அழிக்கும் விலங்குகளையும் பறவைகளையும் கட்டுப்படுத்தவும், உணவுக்காக வேட்டையாடவும் பல நாடுகளில் துப்பாக்கி பயன்படுத்தப்படுகிறது. இத்துப்பாக்கிகளை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம். அழுத்தப்பட்ட காற்றின் விசையால் ரவையைத் தள்ளுவது காற்றுத் துப்பாக்கி. வெடிமருந்து எரியும்போது உண்டாகும் வாயுவின் விசையால் குண்டைத் தள்ளுவது வெடிமருந்துத் துப்பாக்கி.

இவ்விரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்த விலங்கு, எவ்வளவு தூரம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகே விடை சொல்ல முடியும். இதற்கான சட்டமும் நடைமுறையும் இங்கிலாந்தில் தெளிவாக வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே இக்கட்டுரை அந்நாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. இந்தியச் சட்டம் முற்றிலும் வேறுபட்டது. அது கட்டுரையின் பிற்பகுதியில் தனியே தரப்பட்டுள்ளது.

காற்றுத் துப்பாக்கி இயங்கும் விதம்

இன்று வேட்டைக்குப் பயன்படும் காற்றுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இரண்டு வகை. முதல் வகையில் ஒரு வலுவான சுருள்வில் உண்டு. குழலையோ நெம்புகோலையோ மடக்கும்போது வில் சுருங்கும். விசையை அழுத்தியதும் வில் விரிந்து ஓர் உந்துதண்டைத் தள்ளும். அது காற்றை அழுத்த, அக்காற்று ரவையைத் தள்ளும். இரண்டாவது வகையில் உருளை ஒன்றில் முன்கூட்டியே காற்று அடைக்கப்பட்டிருக்கும். அதன் அழுத்தம் ஏறத்தாழ 200 பார் இருக்கலாம். கார் டயரில் உள்ள அழுத்தத்தைப்போல் இது எண்பது மடங்குக்கும் மேல். இவ்வகையில் சுடும்போது அதிர்வு குறைவு. ஆகவே குறி எளிதாக அமையும். ஆனால் விலை அதிகம். காற்றை நிரப்பத் தனிக் கருவியும் வேண்டும்.

காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1780ஆம் ஆண்டையொட்டி ஆஸ்திரியப் படை கிரார்டோனி என்ற காற்றுத் துப்பாக்கியைப் போர்க்கருவியாகவே ஏற்றது. 1804–1806இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற லூயிஸ்–கிளார்க் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு சென்றது.

ஆற்றலை அளத்தல்

துப்பாக்கிகளை ஒப்பிட, குழல்வாயிலிருந்து வெளிவரும் ரவையின் இயக்க ஆற்றலை அளவாகக் கொள்வர். பள்ளியில் படித்த வாய்பாடுதான்: நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கி, அதில் பாதியை எடுக்க வேண்டும். இதன் அலகு ஜூல். ஒரு கிலோ எடையைச் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்த்தச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு ஜூல்.

இங்கிலாந்தில் உரிமமின்றி வைத்திருக்கக்கூடிய காற்று ரைபிளின் உச்ச வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். இந்த வரம்புக்குள் இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன.

• 4.5 மி.மீ. ரவை: எடை அரை கிராமுக்குச் சற்று மேல், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர்.
• 5.5 மி.மீ. ரவை: எடை சுமார் ஒரு கிராம், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 175 மீட்டர்.

இரண்டின் ஆற்றலும் ஒன்றே. சிறியது வேகமாகப் போவதால் அதன் பாதை தட்டையாக இருக்கும்; தூரத்தை மதிப்பிடுவதில் சிறு தவறு நேர்ந்தாலும் குறி அதிகம் விலகாது. பெரியது கனமானது; பாய்ந்த இடத்தில் அகன்ற காயத்தை உண்டாக்கும்; ஆனால் விரைவாகக் கீழே இறங்கும்.

இனி வெடிமருந்துத் துப்பாக்கியைப் பார்ப்போம். அவற்றுள் மிகச் சிறியவற்றில் ஒன்றான .22 ரைபிளின் குண்டு சுமார் 2.6 கிராம் எடையுள்ளது. ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில், விநாடிக்கு 320 மீட்டர் அளவில் சென்றால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 130 ஜூல். 12 அடி-பவுண்டு காற்று ரைபிளைப்போல் இது எட்டு மடங்கு. 2002இல் அறிமுகமான .17 எச்.எம்.ஆர். வகையில் குண்டு சுமார் 1.1 கிராம்தான், ஆனால் வேகம் விநாடிக்கு 770 மீட்டரைத் தாண்டும், ஆற்றல் 330 ஜூல் அளவில் இருக்கும்.

குறைந்த ஆற்றலால் எப்படிக் கொல்ல முடிகிறது?

16 ஜூல் என்பது ஒரு கிலோ எடையை ஆளுயரத்துக்குத் தூக்கும் ஆற்றல்கூட இல்லை. இருந்தும் ஒரு முயலை உடனடியாகக் கொல்ல அது போதும், மூளையில் பட்டால் மட்டும். முயலின் தலையில் அந்த இடம் இரண்டரை சென்டிமீட்டர் அகலம்தான். ஒரு நாணயத்தின் அளவு என்று கொள்ளலாம். உடலில் பட்டால் முயல் குழிக்குள் ஓடிவிடும். பின்னர் பல மணி நேரம், சில வேளை நாள்கணக்கில், துன்பப்பட்டே சாகும்.

காற்றுத் துப்பாக்கியின் எல்லையைத் தீர்மானிப்பது இதுவே. ரவை எவ்வளவு தூரம் போகும் என்பதைவிட, சுடுபவர் எவ்வளவு தூரத்திலிருந்து அந்த நாணய அளவு வட்டத்துக்குள் தவறாமல் அடிக்கிறார் என்பதே கணக்கு. காகித இலக்கில் பத்து ரவைகளைச் சுட்டுப் பார்க்க வேண்டும். பத்தும் வட்டத்துக்குள் விழும் தூரமே அவருடைய வேட்டைத் தூரம். திறமையானவருக்கு அது 30 முதல் 40 மீட்டர் வரை இருக்கலாம். பழக்கம் குறைந்தவருக்கு 15 மீட்டராக இருக்கலாம். காற்று வீசும் நாளில் அது மேலும் சுருங்கும்.

பெரிய விலங்குக்கு இந்த ஆற்றல் போதவே போதாது. செந்நரியைக் காற்றுத் துப்பாக்கியால் சுடக் கூடாது என்பது இங்கிலாந்து வேட்டைக்காரர்களிடையே பொதுவான நெறி. மானைப் பொறுத்தவரை 1991ஆம் ஆண்டு மான்கள் சட்டமே காற்றுத் துப்பாக்கியைத் தடை செய்கிறது. முண்ட்யாக், சீன நீர்மான் ஆகிய சிறு மான்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு, ரைபிளின் ஆற்றல் குறைந்தது 1,700 அடி-பவுண்டு, அதாவது சுமார் 2,300 ஜூல் இருக்க வேண்டும்.

குறி தவறிய குண்டு எங்கே போகும்?

காற்றுத் துப்பாக்கி ரவையின் இடை குறுகி, பின்பகுதி பாவாடைபோல் விரிந்திருக்கும். இந்த வடிவம் அதை நேராகப் பறக்க வைக்கிறது. அதே சமயம் காற்றின் தடையையும் அதிகரிக்கிறது. ஆகவே ரவை விரைவாக வேகம் இழந்து சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். வேட்டைக்கு இது குறை. அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதுவே பாதுகாப்பு. ஆனாலும் அருகிலிருக்கும் மனிதரின் கண்ணைப் போக்கவும் உயிரைப் பறிக்கவும் அதனால் முடியும் என்பதை மறக்கக் கூடாது.

.22 ரைபிளின் குண்டோ, உயர்த்திப் பிடித்துச் சுட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று விழக்கூடியது. அதற்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. கனமான, மெதுவான ஈயக் குண்டு என்பதால் கல்லிலோ உறைந்த மண்ணிலோ நீர்ப்பரப்பிலோ பட்டால் சிதையாமல் தெறித்து வேறு திசையில் பாயும். .17 எச்.எம்.ஆர். குண்டு பட்டவுடன் பெரும்பாலும் நொறுங்கிவிடுவதால் தெறிப்பு குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

இதனால்தான் ரைபிளால் சுடுபவர் இலக்கைப் பார்க்கும் முன் அதற்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று கற்பிக்கப்படுகிறார். குண்டைத் தாங்கி நிறுத்தும் மண்மேடோ சரிவோ பின்னால் தெரியாவிட்டால் சுடக் கூடாது. வேலியும் புதரும் குண்டைத் தடுப்பதில்லை.

ஷாட்கன்

ஷாட்கன் வெடிமருந்துத் துப்பாக்கியே; ஆனால் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகப் பல சிறு ரவைகளை ஒன்றாக வீசும். குழல் விட்டத்தைக் குறிக்கும் '12 போர்' என்ற பெயருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டமே அக்குழலின் விட்டம். 28 கிராம் எடையுள்ள ஆறாம் எண் ரவையில் சுமார் 270 மணிகள் இருக்கும். அவை விரிந்து செல்வதால் பறக்கும் பறவையையும் ஓடும் முயலையும் வீழ்த்த முடிகிறது. 35 முதல் 40 மீட்டருக்கு அப்பால் மணிகள் மிகவும் சிதறிவிடும். அங்கே காயம் மட்டுமே மிஞ்சும்.

எடுத்துக்காட்டுகள்

தானியக் களஞ்சியத்தில் எலி: காற்றுத் துப்பாக்கியே பொருத்தம். தூரம் குறைவு; தகரக் கூரையும் கல்சுவரும் சூழ்ந்த இடத்தில் ரைபிள் குண்டு பேராபத்து.

மரக்கிளையில் அமர்ந்த புறா: .22 ரைபிளை மேல்நோக்கிச் சுட்டால் குண்டுக்குப் பின்னால் வானம்தான் இருக்கும். ஆகவே அது கூடாது. காற்று ரைபிள் ஏற்றது. ஆயினும் ரவை நிலத்தின் எல்லையைத் தாண்டுமா என்று பார்த்தே சுட வேண்டும்.

எண்ணெய்வித்துப் பயிரில் கூட்டமாக இறங்கும் மரப்புறாக்கள்: பறக்கும்போதே சுட வேண்டியிருப்பதால் ஷாட்கன்.

புல்வெளிச் சரிவில் 70 மீட்டருக்கு அப்பால் மேயும் முயல்: காற்றுத் துப்பாக்கிக்கு எட்டாத தூரம். பின்னால் மண்சரிவு இருந்தால் .22 ரைபிள், ஒலியடக்கியுடன்.

மரப்பட்டையை உரிக்கும் சாம்பல் அணில்: வட அமெரிக்காவைச் சேர்ந்த இவ்விலங்கு 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் விடப்பட்டது. தீனி வைத்த இடத்துக்கு வரும்போது குறுகிய தூரத்தில் காற்று ரைபிளால் சுடுவர்.

இங்கிலாந்துச் சட்டம்

அடிப்படைச் சட்டம் 1968ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டம். .22 போன்ற ரைபிளுக்குக் காவல்துறை வழங்கும் சான்றிதழ் வேண்டும். அதற்குத் தக்க காரணத்தையும், பூட்டி வைக்கும் வசதியையும் காட்ட வேண்டும். ஷாட்கனுக்குத் தனிச் சான்றிதழ். 12 அடி-பவுண்டைத் தாண்டிய காற்று ரைபிளுக்கும் ரைபிளுக்குரிய சான்றிதழே தேவை. வரம்புக்குட்பட்ட காற்றுத் துப்பாக்கியை 18 வயது நிரம்பியவர் மட்டுமே வாங்கலாம். ஸ்காட்லாந்தில் 2016 இறுதியிலிருந்து காற்றுத் துப்பாக்கிக்கும் சான்றிதழ் கட்டாயம்.

உரிமம் வேண்டாத துப்பாக்கிக்கும் கட்டுப்பாடு உண்டு. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி ரவை எல்லை தாண்டினாலே குற்றம். காட்டுப் பறவைகள் அனைத்தும் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. மரப்புறா, காகம் போன்றவற்றைப் பொது உரிமத்தின் நிபந்தனைக்கு உட்பட்டே சுடலாம். இந்தப் பொது உரிமங்கள் சட்டப்படி செல்லுமா என்று கேள்வி எழுந்ததால் 2019 ஏப்ரலில் அவற்றில் மூன்று திரும்பப் பெறப்பட்டன; பின்னர் புதிய உரிமங்கள் வெளிவந்தன.

இந்தியாவில் நிலை

2016ஆம் ஆண்டு படைக்கல விதிகளின்படி, 20 ஜூலுக்கும் 4.5 மி.மீ. குழல் விட்டத்துக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இதைப் படிக்கும் இளைஞர்கள் சிலர், அப்படியானால் கொக்கையும் புறாவையும் சுடலாம் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இது தவறு. வைத்திருக்க உரிமம் வேண்டாம் என்பது வேறு. உயிரைச் சுட அனுமதி என்பது வேறு. முன்னது இலக்குப் பயிற்சிக்கு மட்டுமே வழிவிடுகிறது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அட்டவணையில் உள்ள விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. கொல்வது மட்டுமன்றி, பிடித்தல், கண்ணி வைத்தல், நஞ்சிடுதல், காயப்படுத்துதல், இவற்றுக்கு முயலுதல் ஆகியனவும் 'வேட்டை' என்ற சொல்லில் அடங்கும். ஆகவே குறி தவறினாலும் குற்றம் குற்றமே.

பயிருக்குச் சேதம் விளைவிக்கும் விலங்கைப் பற்றி வனத்துறையிடம் முறையிடலாம். அதிகாரம் பெற்ற அலுவலரின் ஆணையின்றி விவசாயி தாமே சுட முடியாது. குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கைத் தீங்குயிரி என அறிவிக்கும் அதிகாரம் நடுவண் அரசுக்கு உண்டு. பீகாரில் நீலான், உத்தரகாண்டில் காட்டுப்பன்றி, இமாச்சலப் பிரதேசத்தில் குரங்கு ஆகியவை 2015–16இல் இவ்வாறு அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் புகும் காட்டுப்பன்றிகளைச் சுட 2025இல் வழி செய்யப்பட்டது. அதையும் வனத்துறையினரே செய்ய வேண்டும்.

சுடுவதற்கு முன்

துப்பாக்கி எந்த வகையானாலும் அது கடைசி வழியே. களஞ்சியத்தின் ஓட்டைகளை அடைக்காமல், சிந்திய தானியத்தை அள்ளாமல் பத்து எலிகளைச் சுட்டால், சில வாரங்களில் வேறு எலிகள் அந்த இடத்துக்கு வந்துவிடும். கம்பிவலை, வேலி, மூடிய சேமிப்பு ஆகியவை செய்யும் வேலையைத் துப்பாக்கி செய்யாது.

இவற்றுக்குப் பிறகும் சுட வேண்டிய தேவை இருந்தால், கேள்விகளை இந்த வரிசையில் கேட்பது நல்லது.

1. இந்த உயிரை, இந்த இடத்தில், இந்தக் கருவியால் சுடச் சட்டம் அனுமதிக்கிறதா?
2. குறி தவறினால் குண்டு எங்கே போய் நிற்கும்?
3. இந்தத் தூரத்தில் இந்த ஆற்றல் இவ்விலங்கை உடனே கொல்லுமா?
4. இந்தத் தூரத்தில் என்னால் தவறாமல் குறி வைக்க முடியுமா?

நான்குக்கும் நிறைவான விடை தரும் கருவிகளுள் ஆற்றல் குறைந்தது எதுவோ, அதுவே சரியான தேர்வு. ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில் அன்று துப்பாக்கியைக் கையில் எடுக்காமலிருப்பதே முறை.