குறட்டை விடும் மாடு: காரணமும் சிகிச்சையும்

உழவு மாடு மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் கேட்டால், வெறும் சளி என்று விட்டுவிடக் கூடாது. குளம், குட்டைகளில் இறங்கும் மாடுகளின் மூக்கு இரத்தக் குழாய்களில் ஒருவகைப் புழு வாழ்கிறது. அதன் முட்டைகள் மூக்கின் உட்சவ்வில் தங்கி, காலிபிளவர் போன்ற சதை வளர்ச்சியை உண்டாக்கும்.

அறிகுறிகள்: கெட்டியான சளி ஒழுகும், சில சமயம் இரத்தமும் கலந்திருக்கும். குறட்டை நாளடைவில் அதிகமாகும். ஏர் பூட்டிய சிறிது நேரத்திலேயே மாடு இரைக்கும். எருமைகளில் சத்தமின்றியும் நோய் இருக்கலாம்.

எச்சரிக்கை: சத்தம் திடீரென்று தோன்றி, கடும் காய்ச்சலும் தொண்டை வீக்கமும் இருந்தால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். ஒரே நாளில் உயிர் போகக்கூடும். கஷாயம் ஊற்றாமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மழைக் காலத்துக்கு முன் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது அவசியம்.

சிகிச்சை: மூக்குச் சளியைக் கால்நடை மருந்தகத்தில் சோதித்தால் முட்டைகள் தெரியும். ஆன்டிமனி கலந்த ஊசியை மருத்துவர் வார இடைவெளியில் போடுவார். சினை மாடானால் முன்பே சொல்ல வேண்டும். குறட்டை குறைந்ததென்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். மூக்கினுள் குச்சி விட்டுச் சுரண்டுவது கெடுதல்.

தடுப்பு: சளியுடன் நீரில் விழும் முட்டைகள் பொரித்து, தட்டையான சுருள் நத்தைகளுக்குள் வளர்ந்து, பின் மாட்டின் தோலைத் துளைத்துப் புகும். ஆகவே குட்டையில் இறக்காமல், கிணற்று நீரைத் தொட்டியில் காட்டுவது நல்லது. குட்டையில் வாத்து விட்டால் நத்தைகள் குறையும்.

குறட்டைக்காக நல்ல உழவு மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளுமுன் சளியைச் சோதித்துப் பார்ப்பது லாபம்.